கனடா படிப்பு விசா: உச்சவரம்பு வந்தபின் மதுரைப் பக்கத்திலிருந்து கோப்பு தயாரிப்பது எப்படி

2024 ஜனவரி 22-க்கு முன்னால் கனடா போனவர்கள் சொல்லும் வழியை நம்பி இன்று யாரும் விண்ணப்பம் போட வேண்டாம். அன்றுதான் கனடா அரசு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு அறிவித்தது. அதுவரை சேர்க்கைக் கடிதம், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், கட்டிய கல்விக் கட்டணம், ஜிஐசி (வாழ்க்கைச் செலவுக்காகக் கனடா வங்கியில் முன்கூட்டியே போட்டுவைக்கும் வைப்புத்தொகை) ஆகியவை கையில் இருந்தால் எஸ்டிஎஸ் என்ற விரைவு வழியில் சில வாரங்களிலேயே முடிவு வந்தது. அந்த வழியை 2024 நவம்பர் 8 அன்று மூடிவிட்டார்கள். வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை பல ஆண்டுகள் 10,000 கனடா டாலராக இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் அது 20,635 ஆனது, 2025 செப்டம்பர் 1 முதல் 22,895. 2026-க்கு வைத்திருக்கும் இலக்கு மொத்தம் 4,08,000 அனுமதிகள். அதில் புதிதாக நாட்டுக்குள் வரும் மாணவர்களுக்கு 1,55,000 மட்டுமே. மீதி, ஏற்கெனவே அங்கே இருப்பவர்களின் நீட்டிப்புக்கும் மாற்றத்துக்கும் போகிறது.

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி என்று இந்தப் பக்கத்திலிருந்து போகும் கோப்புகளைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். மறுக்கப்படும் கோப்புகளில் பணமே இல்லாத குடும்பம் குறைவு. பணம் நிலமாக, நகையாக, மொய்யாக, சீட்டாக இருக்கிறது. அது எப்படிக் கணக்குக்கு வந்தது என்பதை நம் ஊரைப் பார்த்தேயிராத ஓர் அதிகாரி படித்துப் புரிந்துகொள்வதற்கான காகிதம்தான் இருப்பதில்லை. ஆகவே எட்டு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். படிவம் நிரப்ப இரண்டு நாள் போதும். காகிதத் தடம் உருவாகத்தான் மாதங்கள் ஆகும்.

முதலில் பிஏஎல் கடிதம்

பிஏஎல் என்பது, மாகாணம் தன் ஒதுக்கீட்டிலிருந்து உங்களுக்கு ஓர் இடம் தந்திருக்கிறது என்று சொல்லும் கடிதம். 2026-இல் இந்தக் கடிதம் தேவைப்படும் பிரிவில் நாடு முழுவதற்கும் 1,80,000 அனுமதிகள் இலக்கு. ஒன்டாரியோவின் பங்கு 70,074. மாகாணம் அதைக் கல்வி நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு கல்லூரி தன் பங்கை முடித்துவிட்டால், அது தரும் சேர்க்கைக் கடிதத்தை வைத்து அந்த ஆண்டு விசா கேட்க முடியாது. இந்தக் கடிதம் இல்லாமல் அனுப்பிய விண்ணப்பத்தைப் பரிசீலிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

2026 ஜனவரி 1 முதல் ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது. அரசு சார்ந்த பல்கலைக்கழகங்களில் முதுநிலை, முனைவர் படிப்புக்குச் சேர்பவர்களுக்கு பிஏஎல் தேவையில்லை. இளநிலைப் பட்டம் கையில் இருப்பவர்கள் கல்லூரி டிப்ளமோவையும் பல்கலைக்கழக முதுநிலையையும் ஒப்பிடும்போது இதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

பல கல்லூரிகள் முன்பணம் கட்டிய பிறகுதான் மாகாணத்திடம் கடிதம் கேட்கின்றன. ஆகவே பணம் அனுப்புவதற்கு முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதி மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்தப் பருவத்துக்கு பிஏஎல் இன்னும் இருக்கிறதா? பிஏஎல் கிடைக்காமல் போனாலோ விசா மறுக்கப்பட்டாலோ எவ்வளவு பிடித்துக்கொண்டு எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? விசா தாமதமானால் அடுத்த பருவத்துக்கு மாற்றும்போது புதுக் கடிதம் கிடைக்குமா? ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்லும் பதில் இந்த மூன்றுக்கும் செல்லாது.

கட்டணத்தை அப்பா அல்லது அம்மாவின் வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கல்லூரிக்கு அனுப்புங்கள். திரும்பி வரும் பணம் பெரும்பாலும் அனுப்பியவர் கணக்குக்கே வரும். ஏஜென்ட் கணக்கு வழியாகப் போன பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

கடிதத்தின் காலாவதித் தேதியையும் பாருங்கள். அதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். சேர்க்கைக் கடிதம் உண்மையானதுதானா என்று குடிவரவுத் துறை கல்லூரியிடமே கேட்கும். கல்லூரி பத்து நாளுக்குள் உறுதிசெய்ய வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறை. விண்ணப்பித்த அன்றே மாணவர் எண்ணைக் குறிப்பிட்டுக் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவைப்பது நல்லது.

எவ்வளவு காட்ட வேண்டும்

கியூபெக் தவிர்த்த மாகாணங்களுக்குத் தனி ஆள் காட்ட வேண்டியது முதல் ஆண்டுக் கல்விக் கட்டணம், 22,895 டாலர் வாழ்க்கைச் செலவு, போக்குவரத்துச் செலவு. கட்டணம் ஆண்டுக்கு 18,000 டாலர் என்றும் ஒரு டாலர் 65 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், கட்டணம் 11.70 லட்சம், வாழ்க்கைச் செலவு 14.88 லட்சம். விமானக் கட்டணத்துக்கு ஒரு லட்சம் சேர்த்தால் ஏறக்குறைய 27.6 லட்சம். இதற்கு மேல் விண்ணப்பக் கட்டணம் 150 டாலர், கைரேகைக்கு 85 டாலர். இது சட்டம் கேட்கும் குறைந்த அளவு. இரண்டு வருடப் படிப்பு என்றால் இரண்டாம் ஆண்டுப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் பதில் இருக்க வேண்டும். பகுதிநேர வேலை பார்த்துக் கட்டிக்கொள்வான் என்பதை அதிகாரி பதிலாக ஏற்பதில்லை. படிப்புக் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம்.

எஸ்டிஎஸ் போனாலும் ஜிஐசி இன்னும் நல்ல ஆதாரம்தான். பணம் கனடா வங்கி ஒன்றில் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதை அது காட்டுகிறது. மாணவர் போய் இறங்கியதும் ஒரு பகுதி கைக்கு வரும், மீதி மாதத் தவணையாக வரும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு: சரியாக 22,895 மட்டும் அனுப்புவது. வங்கியின் கட்டணமும் இடையில் இருக்கும் வங்கியின் பிடித்தமும் போய்த் தொகை குறைவாகச் சேரும், சான்றிதழ் வராது. வங்கியின் கட்டணத்தைச் சேர்த்து, மேலும் 50 டாலர் கூடுதலாக அனுப்புங்கள். அனுப்பும்போது மொத்தப் பிடித்தமும் அனுப்புபவர் தலையில் விழுமாறு தேர்வு செய்யுங்கள்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி வசூலிக்கும் டிசிஎஸ் என்ற வரிப் பிடித்தத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் வரை விலக்கு. வங்கிக் கல்விக்கடனிலிருந்து போகும் பணத்துக்கு டிசிஎஸ் இல்லவே இல்லை. சொந்தப் பணம் அனுப்புகிற வீட்டில் அப்பா கணக்கிலிருந்து கொஞ்சம், அம்மா கணக்கிலிருந்து கொஞ்சம் என்று பிரித்தால் இருவருக்கும் தனித்தனி வரம்பு கிடைக்கும். ஆனால் அம்மா கணக்குக்குப் பணம் எப்படி வந்தது என்பதையும் அப்போது விளக்க வேண்டும்.

பணத்தின் தடம்

குடிவரவுத் துறை கேட்பது கடந்த நான்கு மாத வங்கி அறிக்கை. ஆறு மாதம் வைப்பது பாதுகாப்பு. அந்த அறிக்கையில் பெரிதாக உள்ளே வந்த ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ஒரு சிறு எண் எழுதி, அந்த எண்ணுக்கு உரிய ஆதாரத்தைப் பின்னால் வரிசையாக வையுங்கள். அதிகாரியைத் தேட வைக்கக்கூடாது. தேட வேண்டியிருந்தால் தேட மாட்டார். ‘பணத்தின் மூலம் திருப்தியளிக்கவில்லை’ என்று எழுதிவிடுவார்.

நிலம் விற்ற பணத்தில்தான் இந்தப் பக்கத்துக் கோப்புகள் அதிகம் அடிபடுகின்றன. பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை ஒட்டி 18 லட்சம் எழுதியிருக்கும், கைக்கு வந்தது 40 லட்சமாக இருக்கும். கணக்கில் 40 லட்சம் போட்டால் 22 லட்சத்துக்குக் காகிதம் கிடையாது. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. பிள்ளை படிப்புக்காகத்தான் நிலத்தை விற்கிறீர்கள் என்றால் முழு விலையையும் பத்திரத்தில் எழுதி, முழுப் பணத்தையும் வங்கி வழியாக வாங்குங்கள். முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% கூடுகிறதே என்று வாங்குபவர் தயங்குவார். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது இதைச் செய்வது மேல்.

விற்காத நிலம் பணம் ஆகாது. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, ஆடிட்டர் தரும் சொத்து மதிப்புச் சான்று எல்லாம் குடும்பத்தின் நிலையையும் ஊரோடு உள்ள பிணைப்பையும் காட்டும். நாளைக்கே கட்டணம் கட்டக்கூடிய பணமாக அவற்றை யாரும் எண்ண மாட்டார்கள். 80 லட்சத்துக்கு மதிப்பீட்டு அறிக்கையும் வங்கியில் 3 லட்சமும் வைத்துப் போகும் கோப்பு அதனால்தான் திரும்பி வருகிறது.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் பல வீடுகளில் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்திருக்க மாட்டார்கள். தாசில்தார் தரும் வருமானச் சான்றில் ஆண்டுக்கு 72,000 என்று இருக்கும். உதவித்தொகைக்காகக் குறைத்து வாங்கிய அந்தச் சான்றைப் பழக்கத்தில் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். ஒரே கோப்பில் 72,000 வருமானமும் 27 லட்சம் சேமிப்பும் இருந்தால் எந்த நாட்டு அதிகாரியும் நம்ப மாட்டார். உண்மையான வருமானத்தைக் காட்ட வேறு காகிதங்கள் இருக்கின்றன. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக்கு வருகிறது. அந்த ரசீதும் வரவும் பொருந்தும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்ற தேங்காய்க்கும் பருத்திக்கும் ரசீது உண்டு. ஆவின் சங்கத்துப் பால் பணம் கணக்குக்கு வருகிறது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை போடுபவர்கள் கமிஷன் கடையின் பட்டியலை ஒரு வருடத்துக்குச் சேர்த்து, கடைக்காரரிடம் ஆண்டு மொத்தத்தை முத்திரையிட்டு வாங்கலாம். இனிமேல் வரும் பூப்பணத்தை ரொக்கமாக வாங்காமல் கணக்கில் போடச் சொல்வது அதைவிட நல்லது. விவசாய வருமானத்தையும் குறிப்பிட்டு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய முடியும். முந்தைய ஆண்டே தொடங்கியிருந்தால் கோப்பு நிமிர்ந்து நிற்கும்.

நகைக்கடனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வட்டி குறைவு என்று வேளாண் நகைக்கடனாக வாங்கி, அதைக் கல்விச் செலவுக்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். கடன் சீட்டில் பயிர்ச்செலவு என்றும் விளக்கக் கடிதத்தில் கல்லூரிக் கட்டணம் என்றும் இருந்தால் இரண்டில் ஒன்று பொய். சாதாரண நகைக்கடனாக வாங்குங்கள். கடன் அளிப்புக் கடிதம், கணக்கில் வரவான நாள், திருப்பிக் கட்டும் திட்டம் மூன்றையும் வையுங்கள். நகையை விற்பதாக இருந்தால் ஜிஎஸ்டி எண் உள்ள கடையில் கொள்முதல் ரசீது வாங்கி, பணத்தைக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள்.

சீட்டு என்றால், பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தின் பாஸ்புத்தகமும் எடுத்த தொகைக்கான கடிதமும் செல்லுபடியாகும். தெருவில் அக்கம்பக்கத்தார் நடத்தும் சீட்டு எவ்வளவு நாணயமாக நடந்தாலும் காகிதமாகாது. அந்தப் பணத்தை இந்தச் செலவில் சேர்க்காமல் வேறு வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மொய்ப் பணம் இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல். காதணி விழாவிலும் இல்ல விழாவிலும் 10 லட்சம், 15 லட்சம் வருவது இங்கே சாதாரணம். ஆண்டுக்கணக்கில் செய்த மொய் திரும்பி வருகிறது என்பது நமக்குப் புரியும். அதிகாரியின் கண்ணில் அது ஒரே நாளில் எங்கிருந்தோ வந்த ரொக்கம். இப்போது பல விழாக்களில் கணினியில் மொய் எழுதிப் பட்டியல் தருகிறார்கள். அந்தப் பட்டியல், அழைப்பிதழ், மண்டப ரசீது மூன்றையும் வையுங்கள். பணத்தை அடுத்த வேலை நாளிலேயே ஒரே தொகையாகக் கணக்கில் செலுத்துங்கள். பட்டியல் மொத்தமும் செலுத்திய தொகையும் ஒத்துப்போக வேண்டும். விளக்கக் கடிதத்தில் மொய் என்றால் என்ன, அதைத் திருப்பிச் செய்யும் கடமை எப்படிப்பட்டது என்று நான்கு வரியில் எழுதுங்கள். இவ்வளவு செய்தாலும் முழுப் பாரத்தையும் மொய்யின் மேல் ஏற்ற வேண்டாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் கோப்பு பலவீனம் என்பது எங்கள் கணிப்பு. ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்கில் 10 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கம் செலுத்தினால் வங்கி வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தாய்மாமன் பணம் தருகிறார், சிங்கப்பூர் சித்தப்பா தருகிறார் என்றால் தரலாம், தடையில்லை. உறவை நிரூபிக்கும் சங்கிலியை முழுதாகக் காட்ட வேண்டும். தாய்மாமன் என்றால் மாணவரின் பிறப்புச் சான்றில் அம்மா பெயர், அம்மாவின் பள்ளிச் சான்றிலோ பாஸ்போர்ட்டிலோ தாத்தா பெயர், மாமாவின் ஆவணத்தில் அதே தாத்தா பெயர். இந்த மூன்று கண்ணியில் ஒன்று அறுந்தாலும் அவர் அந்நியர்தான். பணம் தருபவரின் வருமானச் சான்று, ஆறு மாத வங்கி அறிக்கை, அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் செலவு போக எப்படித் தர முடிகிறது என்ற விளக்கம் எல்லாம் வேண்டும்.

ஒரு மாதத்துக்கு உங்கள் கணக்கில் பணம் போட்டு வைத்து, கமிஷன் வாங்கிக்கொண்டு எடுத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். பொய்யான தகவல் என்று முடிவானால் ஐந்து ஆண்டுகள் கனடாவுக்கு எந்த விசாவும் கேட்க முடியாது. அந்தக் கறை மற்ற நாட்டுப் படிவங்களிலும் பதில் சொல்ல வேண்டியதாக நிற்கும்.

கல்விக்கடனும் நம் பத்திரங்களும்

காகிதமாகப் பார்த்தால் வங்கிக் கல்விக்கடன்தான் மிகத் தெளிவான ஆதாரம். பொதுத்துறை வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. அதற்கு மேல் சொத்து கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு 15% குடும்பம் போட வேண்டும். இங்கேதான் கிராமத்துக் குடும்பங்கள் முட்டி நிற்கின்றன. விவசாய நிலத்தை வங்கிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை, ஏனென்றால் கடன் திரும்பி வராவிட்டால் சர்பாசி சட்டத்தின்கீழ் விவசாய நிலத்தைக் கைப்பற்றி விற்க முடியாது. ஐந்து ஏக்கர் தோட்டம் இருந்தும் கடன் கிடைக்காமல், ஊருக்குள் மூன்று சென்ட் வீடு வைத்திருப்பவருக்குக் கிடைப்பது இதனால்தான்.

வீடோ மனையோ வைப்பதாக இருந்தால் கூட்டுப்பட்டாவைப் பிரித்துத் தனிப்பட்டா வாங்கும் வேலையை முதல் மாதமே தொடங்குங்கள். உட்பிரிவுக்கு சர்வேயர் வந்து அளந்து முடிப்பதற்குள் பருவம் போய்விடும். தாத்தா பெயரிலேயே இருக்கும் சொத்துக்கு வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் விடுதலைப் பத்திரமும் வேண்டும். மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாத மனையை வங்கி வழக்கறிஞர் ஏற்க மாட்டார்.

வங்கி தரும் கடிதத்தில் படிப்பின் பெயர், கல்லூரி, மொத்தத் தொகை, கட்டணத்துக்கு எவ்வளவு, வாழ்க்கைச் செலவுக்கு எவ்வளவு என்பது இருக்க வேண்டும். கொள்கையளவில் ஒப்புதல் என்று மட்டும் சொல்லும் கடிதம் போதாது, இறுதி அளிப்புக் கடிதம்தான் வேண்டும்.

பெயரும் மொழிபெயர்ப்பும்

மதிப்பெண் சான்றில் ‘கார்த்திக் மு’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் முருகன்’, அப்பாவின் ஆதாரில் ‘முருகன் பெ’, பட்டாவில் ‘பெரியசாமி மகன் முருகன்’. நமக்கு இது ஒரே குடும்பம், கோப்பைப் படிப்பவருக்கு நான்கு ஆட்கள். எல்லாவற்றுக்கும் ஆதாரம் பாஸ்போர்ட்தான். ஐஇஎல்டிஎஸ் பதிவு, சேர்க்கை விண்ணப்பம், ஜிஐசி கணக்கு அத்தனையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். மற்ற ஆவணங்களில் உள்ள வேறுபாட்டுக்கு நோட்டரி முன் ஒரே நபர் உறுதிமொழி எழுதி, எந்த ஆவணத்தில் எந்தப் பெயர் என்று பட்டியலிட்டு வையுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், படிவத்தில் முழுப்பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி மற்றதைக் காலியாக விட வேண்டும். வாய்ப்பிருந்தால் அதற்கு முன்பே மதுரைப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் சேவை மையத்தில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துக் குடும்பப் பெயரைச் சேர்த்துவிடுவது நல்லது. கல்வி அனுமதி பாஸ்போர்ட் காலாவதிக்கு மேல் போகாது. இரண்டு வருடப் படிப்புக்கு ஒன்றரை வருடம் மட்டும் மீதமுள்ள பாஸ்போர்ட்டோடு விண்ணப்பித்தால் அங்கே போய் நீட்டிப்புக்கு மறுபடி கட்டணம் கட்ட வேண்டிவரும்.

தமிழில் உள்ள பத்திரம், குடும்ப அட்டை, மொய்ப் பட்டியல் எதையும் அப்படியே வைக்க முடியாது. ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழி, மூலத்தின் சான்றளிக்கப்பட்ட நகல் வேண்டும். சொந்தக்காரர் மொழிபெயர்க்கக்கூடாது. நாற்பது பக்கப் பத்திரத்தை முழுதாக மொழிபெயர்த்துப் பணத்தைச் செலவழிப்பதைவிட, ஒரு சொத்துக்கு எந்த ஆவணம் போதும் என்று முதலில் தேர்ந்தெடுங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து, பெயர்களின் எழுத்தை அதன்படி எழுதச் சொல்லுங்கள்.

எந்தப் படிப்பு, ஏன்

பி.இ. மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடம் கப்பலூர் சிட்கோவில் வேலை பார்த்தவர் பொது வணிக நிர்வாக டிப்ளமோவுக்குப் போனால் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி: ஏன் கீழே இறங்குகிறார்? 2024 நவம்பர் 1 முதல் அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்களில், பட்டப்படிப்பு அல்லாத படிப்புகளை முடிப்பவர்களுக்கு அரசு பட்டியலிட்ட துறைகளில் இருந்தால்தான் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கிடைக்கும். இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டங்களுக்கு அந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை. பொதுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி நடத்தும் கூட்டுப் படிப்புகளில் 2024 மே 15 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்களுக்கு அந்த வேலை அனுமதியே கிடையாது. கமிஷன் அதிகம் என்பதற்காக இவற்றை இன்னும் தள்ளிவிடும் ஏஜென்ட்டுகள் உண்டு.

விளக்கக் கடிதம் இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். கனடா அழகான நாடு, பன்முகக் கலாச்சாரம் என்று தொடங்கும் கடிதங்கள் எல்லாம் ஒரே கணினியில் அச்சானவை என்று பார்த்தவுடன் தெரியும். இந்தப் படிப்பில் உள்ள எந்தப் பாடங்கள் இங்கே கிடைக்கவில்லை, இதே படிப்பு தமிழ்நாட்டில் எவ்வளவு குறைந்த செலவில் இருக்கிறது, அப்படியிருந்தும் ஏன் அங்கே என்பதை நேர்மையாக எழுதுங்கள். படித்து முடித்தபின் இங்கே எந்த மாதிரி வேலை, எந்த மாதிரி நிறுவனம் என்பதும் வேண்டும். நிரந்தர வசிப்புரிமை ஆசை மனதில் இருப்பது குற்றமல்ல, இரட்டை நோக்கத்தைக் கனடா சட்டமே அனுமதிக்கிறது. அனுமதிக் காலம் முடிந்தால் திரும்பிவிடுவீர்கள் என்ற நம்பிக்கைதான் அதிகாரிக்கு வேண்டும்.

மதுரையில் படிப்பு முடித்து இரண்டு மூன்று வருடம் டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு என்று படித்தவர்கள் ஏராளம். அந்த இடைவெளியை மறைக்கப் போலி அனுபவச் சான்று வாங்காதீர்கள். நுழைவுச்சீட்டுகள், பயிற்சி மையக் கட்டண ரசீது, தேர்வு முடிவு மூன்றும் போதுமான விளக்கம். அந்தத் தேர்வை விட்டு இந்தப் படிப்புக்கு ஏன் வருகிறீர்கள் என்று ஒரு பத்தி எழுதினால் முடிந்தது.

யார் கையில் கோப்பு

பணம் வாங்கிக்கொண்டு விசா விண்ணப்பத்துக்கு ஆலோசனை தர, கனடாவின் குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற உரிமம் தரும் அமைப்பில் உரிமம் பெற்றவராகவோ அங்கே வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு அந்த அமைப்பின் இணையப் பதிவேட்டில் பார்க்கலாம். உரிமம் இல்லாதவர் நிரப்பினால், பிரதிநிதி யாரும் இல்லை என்று படிவத்தில் பொய்யாகக் காட்டுவார். அதில் வரும் தவறு உங்கள் கணக்கில்தான் விழும். வேறு எந்த நாட்டு விசா மறுக்கப்பட்டிருந்தாலும் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று அழுத்திவிட்டு மாணவருக்குத் தெரியாமலே அனுப்பிய கோப்புகள் நிறைய. ஆகவே இணைய விண்ணப்பக் கணக்கை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கடவுச்சொல்லில் திறவுங்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே படியுங்கள்.

ஆவணங்களை ஒரு தலைப்புக்கு ஒரே பிடிஎஃப் ஆகச் சேர்க்க வேண்டும், அளவு 4 எம்பிக்குள். கைபேசியில் எடுத்த நிழல் விழுந்த படங்களைச் சேர்த்தால் அளவும் ஏறும், எழுத்தும் தெரியாது. ஸ்கேன் செய்து கறுப்பு வெள்ளையில் சேமியுங்கள். விளக்கக் கடிதத்தையும் பணம் எங்கிருந்து வந்தது என்ற அட்டவணையையும் கூடுதல் தகவல் பகுதியில் முதல் பக்கங்களாக வையுங்கள்.

சென்னைப் பயணம்

மருத்துவப் பரிசோதனை விண்ணப்பத்துக்கு முன்பே முடிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். கனடா அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே செய்ய வேண்டும். உள்ளூர் அரசு மருத்துவர் சான்று செல்லாது. அங்கீகாரம் பெற்ற மருத்துவர் தரும் தாளைக் கோப்பில் சேர்க்க வேண்டும், அது 12 மாதம் செல்லும். கைரேகை, விண்ணப்பம் அனுப்பிக் கட்டணம் கட்டி அறிவுறுத்தல் கடிதம் வந்த பிறகுதான். 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பயணம் என்றே திட்டமிடுங்கள். பாண்டியனில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர், அன்று மாலையே திரும்பலாம். கையில் மருதாணியோ விரலில் வெட்டுக்காயமோ இருந்தால் ரேகை சரியாகப் பதியாது. வீட்டில் கல்யாணம் என்றால் முன்பதிவைத் தள்ளிப்போடுங்கள்.

மறுப்பு வந்தால்

அடுத்த நாளே அதே கோப்பை மறுபடி அனுப்புவது வீண். 2025 ஜூலை இறுதியிலிருந்து பல மறுப்புக் கடிதங்களோடு அதிகாரியின் குறிப்பும் சேர்ந்து வருகிறது. அது வராவிட்டால், கனடாவில் இருக்கும் உறவினர் வழியாக உங்கள் சம்மதப் படிவத்துடன் 5 டாலர் கட்டித் தகவல் உரிமையில் கேட்கலாம். குறிப்பில் என்ன எழுதியிருக்கிறாரோ அதற்கு மட்டும் பதில் தயாரியுங்கள். பணத்தின் மூலம் என்றால் புதுப் பணம் சேர்ப்பதைவிடப் பழைய பணத்தின் தடத்தைக் காட்டுங்கள். படிப்புப் பொருத்தம் என்றால் கடிதத்தை மாற்றுவது போதாது, படிப்பையே மாற்ற வேண்டியிருக்கலாம். முடிவே சட்டப்படி தவறு என்று தோன்றினால், கனடாவுக்கு வெளியே இருப்பவர்கள் 60 நாளுக்குள் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகலாம். அதற்கு அங்குள்ள வழக்கறிஞர் கட்டணம் பெரிது என்பதால் பலருக்கும் புது விண்ணப்பமே நடைமுறை வழி. புது விண்ணப்பத்தில் பழைய மறுப்பைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பழைய பிஏஎல் செல்லுமா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்ட பிறகே கட்டணம் கட்டுங்கள்.

ஒப்புதல் வந்தால் பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா உள்ளே நுழைய மட்டுமே. கல்வி அனுமதித் தாளை டொரோன்டோவிலோ வேன்கூவரிலோ இறங்கும் இடத்தில்தான் தருவார்கள். ஒப்புதலோடு வரும் அறிமுகக் கடிதம், சேர்க்கைக் கடிதம், பிஏஎல், ஜிஐசி சான்று, கட்டண ரசீது ஐந்தையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். தாள் கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகராமல் பெயர், பிறந்த தேதி, கல்லூரிப் பெயர், முடியும் தேதி, வேலை செய்யலாம் என்ற வரி எல்லாம் சரியா என்று பாருங்கள். முடியும் தேதி பொதுவாகப் படிப்புக் காலத்தோடு 90 நாள் சேர்த்து இருக்கும். பிழை இருந்தால் அங்கேயே சொன்னால் உடனே திருத்தித் தருவார்கள், வெளியே வந்தபின் திருத்த மாதக்கணக்கில் ஆகும்.